நான்காவது பெட்டரி

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

மூன்றாவது பெட்டரியும் செத்துவிட்டது.

சனிக்கிழமை கரண்ட் போயிருந்த நேரம், சும்மா பார்க்கலாமே என்று மண்சரிவுச் சைரனின் பொத்தானை அழுத்தினேன். சளி பிடித்த பூனை மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான். இன்று பதுளை அனர்த்த அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவின் கூரையில் சைரனைப் பொருத்தி, பெட்டரிப் பெட்டியின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் இவர்தான். பிள்ளைகளைப் பார்க்கிறவள் இதையும் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பார். மூன்று வருடம் உழைக்க வேண்டிய பெட்டரி எங்களிடம் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை.

புதியதைப் பூட்டிவிட்டு, "இதுதான் கடைசி" என்றார். இதுவும் போனால் சைரனைக் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஜீப்பில் ஏறும்போது டிரைவரிடம் சிங்களத்தில் சொன்னார்: "இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு சாமானை ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாது." எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைப்பு.

விளங்கியது ஐயா. ஒரு சொல் விடாமல் விளங்கியது.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற கீழ் லயத்துக்கு நேர் மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. கொஸ்லந்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வெடிப்பைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை. மழைமானி நூற்றைம்பது மில்லிமீற்றர் காட்டினால் சைரன் ஊதவேண்டும், முப்பத்தெட்டுக் குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். அதில் எங்கள் குடும்பமும் ஒன்று, ஆறாம் நம்பர் காம்பரா. மழை வந்தால் முதலில் போவது கரண்ட். அதற்குப் பிறகு எங்களுக்கு இருப்பது இந்தப் பெட்டரி மட்டும்தான்.

கழற்றிக்கொண்டு போய்விடுவாராம். போகட்டும் பார்ப்போம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

புதுக் கொப்பி. முதல் வரி: பெட்டரி 12.7 வோல்ட்.

ஆகஸ்ட் 19, திங்கள் – போயா விடுமுறை

என் வீட்டுக்காரர் ரமணன் எல்லயிலிருந்து வந்திருக்கிறார். அவர் வேலை செய்கிற விடுதியின் கரண்ட் வேலைக்காரர்தான் எனக்குப் பழைய மீற்றர் ஒன்றைக் கொடுத்தனுப்பினவர். இன்று அந்தக் கரண்ட் வேலைக்காரர் சொன்னதாக ரமணன் சொன்னார்: சார்ஜரைக் கழற்றி ஒரு மணி நேரம் விட்டுத்தான் அளக்க வேண்டும். 12.7 என்றால் முழுசு. 12.2க்குக் கீழே போனால் பாதி தீர்ந்துவிட்டது. அதற்கும் கீழே இறங்கவிட்டு அப்படியே போட்டு வைத்தால் உள்ளே இருக்கிற ஈயத் தட்டுகள் இறுகிப் போகும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது.

கேட்ட உடனே எனக்கு வெளிச்சம் பட்டது. கோவில் கமிட்டி! வருடா வருடம் திருவிழாவுக்கு இந்தப் பெட்டரியைத் தூக்கிக்கொண்டு போய், தேர் பல்புகளுக்கு மூன்று நாள் எரித்து, சக்கையாகத் திருப்பித் தருகிறார்கள். யாரும் உடனே சார்ஜில் போடுவதும் இல்லை. கொலைகாரர்களைக் கண்டுபிடித்துவிட்டேன்.

பெட்டரி இதுவரை அடுப்புச் சுவரோடு இருந்தது. சூடு ஆகாதாம். இருவரும் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தோம். திங்கள்தோறும் அளக்கிறேன். ஆறு மூடியையும் திறந்து, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்புகிறேன். குழாய்த் தண்ணீர் இல்லை – மலை ஊற்றிலிருந்து நேரே பீலியில் விழுகிற தண்ணீர், அதையும் வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான். என் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தண்ணீரை அதற்கும் கொடுக்கிறேன். இதற்கு மேல் யார் கவனிப்பார்கள்?

செப்டெம்பர் 8, ஞாயிறு

கோவில் கூட்டம். தேர்தல் வருகிறது என்று தள்ளிப் போட்ட திருவிழா ஒக்டோபர் 4, 5, 6. கமிட்டித் தலைவர் ராமாமிர்தம் – என் அம்மாவின் தம்பி, என் கல்யாணத்துக்கு முன்னின்று பந்தல் போட்டவர் – கணக்கெல்லாம் முடிந்து எழும்பும்போது போகிற போக்கில் சொன்னார்:

"பெட்டரி வழமை போல நிரோஜாக்கிட்ட எடுத்துக்கலாம்."

"தரமாட்டேன் மாமா."

நானே எதிர்பார்க்காத சத்தத்தில் வந்துவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"என்ன புள்ள சொல்ற? அம்மாள் தேருக்குக் கேக்குறோம்."

"தேருக்கு வேற வழி இருக்கு மாமா. கீழ் லயத்துக்கு இருக்கா? மூணு பெட்டரிய நீங்கதான் சாகடிச்சீங்க. நாலாவதத் தரமாட்டேன்."

"நாங்க சாகடிச்சமா!"

"ஆமா. வருசா வருசம்."

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம் என்று வீட்டுக்கு வந்ததும் தோன்றியது. பிறகு அந்த அதிகாரி டிரைவரிடம் சொன்னது காதில் கேட்டது. இல்லை. சொன்னது சொன்னதுதான்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன். ரமணன் போனில், "குடுத்துட்டுப் போயேன், ஏன் ஊரோட மல்லுக்கட்டுற?" என்கிறார். அவர் எல்லயில் வெள்ளைக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு சமாதானம் பேசலாம்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

வாடகை ஜெனரேட்டர் ஒன்றைத் தேருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மாள் இருட்டில் வரவில்லை. நன்றாகத்தான் வந்தாள்.

தேர் ஐந்தாம் நம்பர் வாசலில் நின்றது. தட்டு வாங்கினார்கள். ஏழாம் நம்பர் வாசலில் நின்றது. நான் தேங்காய், பழம், சூடம் எல்லாம் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். என்னைத் தாண்டிப் போகிறது. மாமா முன்னால் நடந்து போனார், திரும்பவே இல்லை. அழவில்லை. சரி, கொஞ்சம் அழுதேன். தேங்காயை நானே உடைத்துச் சட்னி அரைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 7, திங்கள்

12.5. மழைக்காலக் குளிராக இருக்கும். கூடக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

ஒக்டோபர் 14, திங்கள்

12.3.

யாரும் தொடவில்லை. சங்கிலி அப்படியே இருக்கிறது. சாவி என் இடுப்பில். பிறகு எப்படி?

ஒக்டோபர் 19, சனி

கரண்டைத் துண்டித்துவிட்டு சைரனை ஊதவிட்டேன். பத்து நிமிடம் ஊத வேண்டும். நான்காவது நிமிடத்தில் அடங்கியது.

பிள்ளைக் காம்பராவில் சமைக்கிற ஞானம்மா அக்கா கதவுநிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த முறை யாரும் எடுக்கலியே டீச்சர்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஒக்டோபர் 21, திங்கள்

லீவு போட்டு, பெட்டரியை முச்சக்கர வண்டியில் ஏற்றி, பதுளையில் புவாத் நானாவின் பெட்டரிக் கடைக்குக் கொண்டுபோனேன். ஹாலிஎல தாண்டும் வரை டிரைவர் அசிட் சிந்தும் என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

புவாத் நானா மூடியைத் திறந்தார். கண்ணாடிக் குழாயால் உள்ளே இருந்ததை உறிஞ்சி வெளிச்சத்துக்குப் பிடித்தார். லேசான பழுப்பு நிறம்.

"இதுக்கு என்ன தண்ணி ஊத்தின நீங்க?"

பெருமையாகச் சொன்னேன். பீலித் தண்ணி நானா, துணியில வடிகட்டி, ஒரு கிழமை விடாம.

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, மனுசன் குடிக்க நல்லம் அந்தத் தண்ணி. ஆனா மலைத் தண்ணியில இரும்பு இரிக்கி, இன்னும் என்னென்னமோ இரிக்கி. கண்ணுக்குத் தெரியாது, துணியில நிக்காது. ஒவ்வொரு மொற ஊத்தக்குள்ளயும் அது உள்ளுக்குச் சேருது. பொறகு பெட்டரி சும்மா இரிந்தாலும் தானா எறங்கும். கழுத்து வரைக்கும் நெரப்பினதால சார்ஜ் ஏறக்குள்ள அசிட் பொங்கி வெளிய போயிரிக்கி. அதுக்குப் பதிலாத் திரும்பப் பீலித் தண்ணி."

"அப்ப எத ஊத்துறது?"

"பெட்டரிக்கெண்டு ஆவியாக்கி எடுத்த தண்ணி விக்கிறம். அத மட்டும். தட்டு முங்கி ஒரு விரல் மேல நிண்டாப் போதும்."

சைரன் பெட்டிக் கதவின் உள்ளே ஒட்டியிருந்த தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அவரிடம் காட்டினேன். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அவர் மூன்றாவது வரியில் விரலை வைத்து வாசித்தார்: ஆவியாக்கி வடித்த தண்ணீர் மட்டுமே ஊற்றவும்.

மூன்று வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். முழுக்க முழுக்கத் தமிழர் இருக்கிற லயத்துக்கு நடுவில் ஒரு வரி தமிழில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரைக் கேட்கத் தோன்றவில்லை. ரெண்டும் உண்மை. ரெண்டையும் எழுதி வைக்கிறேன்.

அசிட்டை மாற்றி, மூன்று நாள் மெதுவாக ஏற்றித் தருவதாகச் சொன்னார். பெட்டரிக்குள் ஆறு அறையில் ரெண்டு பலவீனமாகிவிட்டதாம். இந்த மழையைத் தாண்டுமா என்றேன். "சத்தியம் பண்ண ஏலாது" என்றார்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

திருவிழா வருடத்துக்கு மூன்று நாள்தான். நான் ஐம்பத்திரண்டு திங்கட்கிழமை ஊற்றியிருக்கிறேன். ஆகஸ்டிலிருந்து கூடக் கவனித்தேன், அதனால் கூட வேகமாகச் செத்தது. ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்! மூணு பெட்டரி! மாமாவை ஊர் முன்னால கொலைகாரன்னு சொல்லாத குறை.

யாருக்கும் தெரியாது. புவாத் நானா வந்து சொல்லப் போவதில்லை. அதிகாரிக்குத் தெரிந்தால் சைரன் போய்விடும். பேசாமல் இருந்துவிடலாம்.

முடியுமா? இருந்து பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் முடிந்தது.

ஒக்டோபர் 25, வெள்ளி

நேற்றுப் பெட்டரி திரும்பி வந்தது. 12.5.

இன்று பூசை முடிந்து விபூதி கொடுக்கும்போது எழுந்து நின்றேன். 

"மூணு பெட்டரியும் செத்தது என்னால. பீலித் தண்ணி ஊத்துனேன். அது பெட்டரிக்கு விஷமாம். ராமாமிர்தம் மாமாவைச் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்கங்க. வீட்டுல ரேடியோவுக்கு, லைட்டுக்குப் பெட்டரி வச்சிருக்கவங்க யாராச்சும் பீலித் தண்ணி ஊத்துனா இன்னையோட நிறுத்துங்க."

 விபூதித் தட்டோடு பூசாரி அப்படியே நின்றார்.

மாமா மெதுவாக எழுந்தார். "அப்ப எங்க மேல பழி போட்டது?"

"தப்புன்னு சொல்லிட்டேன்ல மாமா. ஆனா மூணு நாள் எரிச்சுட்டு சார்ஜ் போடாம வச்சதும் கெடுதல்தான். அடுத்த வருசமும் தரமாட்டேன்."

பின்னால் இருந்த பொம்பளைகளில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவுக்குக் காது சிவந்தது.

"உன் பெட்டரி இனி எங்களுக்கு எதுக்கு? மார்கழிப் பசனைக்குன்னு கோவிலுக்குச் சொந்தமா ஒண்ணு எடுத்தாச்சு!"

"சந்தோசம் மாமா" என்றேன். உண்மையாகவே சந்தோசம்தான். விபூதி வாங்கிக்கொண்டு வந்தேன். நெஞ்சிலிருந்த கல் கொஞ்சம் இறங்கியது, முழுக்க இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

அதிகாரி வந்தார். கொப்பியைக் கையில் கொடுத்தேன். என்ன நடந்தது என்று சிங்களத்திலேயே சொன்னேன். முகம் ஒரு மாதிரியானது – ஆகஸ்டில் பேசியது ஞாபகம் வந்திருக்கும். வரட்டும்.

வேறு பெட்டரி தர மேலிடம் சம்மதிக்காது, சைரனைக் கழற்றுவதுதான் முறை என்றார்.

"கழற்றுங்கள். அப்படியே முப்பத்தெட்டுக் குடும்பத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள்" என்றேன்.

மலை வெடிப்பை நிமிர்ந்து பார்த்தார். டிசம்பர் முடியும் வரை விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெட்டரி தரவில்லை.

நவம்பர் 18, திங்கள்

12.4. நூல் பிடித்தது போல் நிற்கிறது, இறங்கவில்லை. பெட்டியில் வீணாக எரிந்த சின்ன பல்பைக் கழற்றினேன். முனையில் பூத்திருந்த வெள்ளையை அப்பச்சோடா கலந்த சுடுதண்ணீரால் துடைத்து வாஸ்லின் பூசினேன். ஒரு பிள்ளை, "டீச்சர் பெட்டரிக்கு மருந்து போடுறாங்க" என்றது. ஆமாண்டி கண்ணு.

நவம்பர் 26, செவ்வாய்

காலை ஒன்பது. நேற்றுப் பின்னேரத்திலிருந்து மழை விடவில்லை. கரண்ட் நேற்று ஆறு மணிக்கே போய்விட்டது. பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழைமானி 84. பெட்டரி 12.1.

பன்னிரண்டரை. 117. பெட்டரி 11.8. மழைமானியும் பெட்டியும் சும்மா ஓடுகிறதுக்கே இவ்வளவு தின்றுவிட்டது. இந்த நிலையில் சைரன் ஊதினால் ஒரு நிமிடம்கூட நிற்காது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் கலைத்து மேல்மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கேட்காது. போன் கோபுரமும் செத்துவிட்டது. வீடு வீடாக ஓடிச் சொல்லலாம், ஆனால் மழைக்குப் பயந்து ஓடச் சொன்னால் எத்தனை பேர் கிளம்புவார்கள்? சைரனுக்குத்தான் கிளம்புவார்கள். அப்படித்தான் மூன்று வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறோம்.

தோட்டத்தில் நல்ல பெட்டரி இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. தரமாட்டேன் என்று ரெண்டு தடவை சொன்ன இதே வாயால் தாங்க என்று கேட்க வேண்டும்.

கேட்பேன். அதற்கென்ன? எனக்கா கேட்கிறேன்?

(இனி எழுதுவது புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில்.)

நவம்பர் 27, புதன்

மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சேலை முழுக்கச் சேறு. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவில் பெட்டரி வேணும் மாமா. இப்பவே."

"அம்மாளோடதக் கேக்குறியா?"

"ஆமா."

எனக்குள் ஆயிரம் பதில் தயாராக இருந்தது, சண்டைக்குத்தான். அதற்குள் அவர் எழுந்து சட்டையைப் போட்டார். கோவில் அறையைத் திறந்தார். பெட்டரி ஒரு பலகை மேல், அடுப்புப் பக்கம் இல்லாத மூலையில், முனைகளில் வாஸ்லின் பூசி இருந்தது.

"மூடியத் தொறந்து பாத்துக்க. ஒரு சொட்டு பீலித் தண்ணி ஊத்தல. புவாத் கடையில இருந்து போத்தலோட வாங்கியாந்து ஊத்துறேன். நீதானே அன்னைக்கு அவ்வளவு பேரு முன்னால சொன்ன?"

மீற்றரை வைத்தேன். 12.7.

நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "நீ குடையப் பிடி. அம்மாளோட சாமான் நனையக் கூடாது" என்று சாக்கைச் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டார். அறுபத்திரண்டு வயது. வழுக்குப் படியில் நூற்றிருபது படி இறங்கினோம். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைக்கும் நான் எதிர்த்துப் பேசவில்லை, வாழ்க்கையில் முதல் தடவை.

அதைச் சைரன் பெட்டியில் பூட்டினோம். நாலு இருபதுக்கு 150. சைரன் ஊதியது. பத்து நிமிடம், ஒரே குரலில், குறையாமல். மேல்மலையிலிருந்து ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அடங்கியதும் மாமா, "இன்னொரு தரம் ஊதவிடு புள்ள, ஏழாம் நம்பர் கிழவருக்குக் காது மந்தம்" என்றார். இன்னொரு பத்து நிமிடம் ஊதியது. கிழவரை அவரே போய்க் கூட்டி வந்தார்.

இருட்டுவதற்கு முன் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டோம். இன்று விடிந்து பார்த்தால் கீழ் லயத்தில் நாலு, ஐந்து, ஆறு காம்பராக்களைக் காணோம். மண்ணும் தேயிலைத் தூரும்தான் கிடக்கிறது. என் ஆறாம் நம்பர், ரமணன் போன மாதம் பெயின்ட் அடித்த கதவு, எல்லாம்.

பெயர் கூப்பிட்டோம். நூற்றறுபத்தொரு பேர். ஒருவர் குறையவில்லை.

ரமணன் எல்லயிலிருந்து நடந்தும் லொறியிலும் வந்து சேர்ந்தார்.  

டிசம்பர் 3, செவ்வாய்

அதிகாரி வந்தார். பிள்ளைக் காம்பரா இப்போது பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் நடக்கிறது. பிள்ளைகளின் பாய்க்கு நடுவில் நின்றுகொண்டே அறிக்கை எழுதினார். சைரனை இங்கே மாற்றிப் பூட்டுவார்களாம், புதுப் பெட்டரியோடு. எழுதியதை வாசித்துக் காட்டினார்: சாதனம் உரிய முறையில் பராமரிக்கப்பட்டிருந்தது, பொறுப்பாளர் பாராட்டுக்குரியவர்.

"பீலித் தண்ணீர் எங்கே?" என்றேன்.

அதெல்லாம் எழுதத் தேவையில்லை, எழுதினால் எனக்குத்தான் கெட்ட பெயர் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"எழுதுங்கள். மூன்று பெட்டரியை நான் கொன்றேன், இந்தத் தண்ணீரால் கொன்றேன் என்று எழுதுங்கள். எத்தனை தோட்டத்தில் இந்தச் சைரனைப் பூட்டியிருக்கிறீர்கள்?"

பதினொன்று என்றார்.

"பதினொரு தோட்டத்திலும் பீலி இருக்கிறது ஐயா."

 பிறகு சிங்களத்தில் எழுதினார். தமிழில் எழுத அவருக்குத் தெரியாது. பேனாவைக் கேட்டு வாங்கி, அதற்குக் கீழே அதையே தமிழில் நான் எழுதினேன்.